ஈசிஜி இயல்பு, நெஞ்சு மட்டும் எரிகிறது

கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையில் மனத்தின் நோவு, மனம் என்ற பெயரோடு வைத்தியசாலைக்கு வருவது குறைவு. நெஞ்சு எரியுது, நெஞ்சு அடைக்குது, கைகால் விறைக்குது, தலைக்குள்ள ஏதோ ஓடுது, ராவையில நித்திரை இல்ல, ஒரே யோசனை என்றுதான் வரும். வெளிநோயாளர் பிரிவில் ஈசிஜி எடுப்பார்கள், இயல்பாக இருக்கும். இரைப்பைக்கு ஒரு குளிசை, நோவுக்குப் பெனடோல், அவ்வளவுதான். அடுத்த மாதமும் அதே ஆள் அதே நெஞ்சோடு வந்து வரிசையில் நிற்பார். அவருக்கு இருப்பது பதகளிப்பா, மனச்சோர்வா, இருபது வருசத்துக்கு முந்திய மனவடுவா, அல்லது உண்மையாகவே இரைப்பைப் புண்ணா? உளமதிப்பீடு விடை சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். இலங்கையில் இதுவரை நடந்த ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், கிடைத்த விடைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கின்றன.

2004 டிசம்பர் 26இல் சுனாமி அலை ஏறி மூன்று நான்கு வாரங்களில், பிராங்க் நொய்னர் என்ற ஜெர்மன் உளவியலாளரின் குழு மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய இடங்களில் 8 முதல் 14 வயது வரையான 264 பிள்ளைகளை நேர்கண்டது. இடத்துக்கு இடம் 14 முதல் 39 சதவீதமான பிள்ளைகளிடம் மனவடு நோயின் குறிகள் தெரிந்தன. 2009இல் யுத்தம் முடிந்த கையோடு யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்து 2011இல் வெளியான ஆய்வில், வளர்ந்தோரில் மனவடு நோய் 7 சதவீதம், பதகளிப்பு 32.6 சதவீதம், மனச்சோர்வு 22.2 சதவீதம். முகாமில் இருந்தவர்களை மட்டும் பார்த்தால் இவை 13, 48.5, 41.8 என்று ஏறின. மூன்றாவது ஆய்வு எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் இருபது வருசம் அகதியாய்க் கிடந்த முஸ்லிம்களை செஸ்மல் சிறிவர்தனவும் குழுவினரும் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். அதில் மனவடு நோய் 2.4 சதவீதந்தான். பதகளிப்பு நோய் 1.3 சதவீதம். ஆனால் மருத்துவக் காரணம் பிடிபடாத உடல் நோவுகளாக வெளிப்படும் நோய் 14 சதவீதம். அந்த ஆய்வில் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம்.

மூன்றில் எது பிழை என்று தேடுவதில் பயனில்லை. ஒன்று நாலு வாரத்தில் கேட்டது, ஒன்று நாலு மாதத்துக்குள் கேட்டது, ஒன்று இருபது வருசம் கழித்துக் கேட்டது. கேட்கப்பட்டவர்கள் வேறு, கேள்விப் பட்டியல் வேறு. எப்போது, யாரிடம், எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே எண்ணிக்கை அமைகிறது. எனக்கு இவற்றில் அதிகம் சொல்வது புத்தளத்து எண்தான். வீடு, வளவு, தோட்டம், பள்ளிவாசல் எல்லாவற்றையும் விட்டுவந்த ஒரு சமூகம் இருபது வருசத்துக்குப் பிறகும் தன் இழப்பை உடலால் சொல்லிக்கொண்டிருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான பதிவு நம்மிடம் இல்லை. மனவடுப் பட்டியலை மட்டும் நீட்டியிருந்தால் நூற்றுக்கு இரண்டு பேர் என்று எழுதிவிட்டு எழுந்து போயிருப்பார்கள்.

கிழக்குக் கரைக்கு அடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் ஏறாவூர் முஸ்லிம்கள். அதே மாதம் சம்மாந்துறைக்கு அருகே வீரமுனையில் தமிழர்கள். இரு சமூகத்துக்கும் அந்த மாதம் ஆறாத மாதம். 2004இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்; நாட்டின் வேறெந்த மாவட்டமும் அவ்வளவு பேரை இழக்கவில்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரை முழுக்கத் துடைத்தெடுக்கப்பட்டது. குளிப்பாட்டவும் கபனிடவும் முடியாமல் மொத்தமாக அடக்கிய ஜனாஸாக்கள், கிடைக்காமலே போன மையித்துகள். 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின், ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் குண்டுகள் வெடித்துக் குழந்தைகளும் செத்தார்கள். அதன்பின் ஊர் முழுக்கச் சந்தேகத்தின் கீழ் வாழ்ந்தது; முகம் மூடத் தடை வந்தது. 2020இல் கொவிட்டால் இறந்த முஸ்லிம்களையும் எரித்தார்கள். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் புரண்டு பிள்ளைகள் போனார்கள். கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து வயல்களுக்குள் போனால் வரும் சவளக்கடை, நாவிதன்வெளிப் பக்கத்துக்கு இவற்றோடு வெள்ளமும் காட்டு யானையும் எல்லைக் கிராமத்தின் பழைய பயமும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கரையில் ஒருவரிடம் போய், ‘உங்களுக்கு நடந்த மோசமான சம்பவத்தை மனத்தில் வைத்துப் பதில் சொல்லுங்கள்’ என்று தொடங்கும் வினாத்தாளைக் கொடுத்தால், எந்தச் சம்பவத்தை என்று அவர் திருப்பிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

நோய்களின் இலக்கணம் சுருக்கமாக இது. பதகளிப்பில் பயம் வரப்போவதைப் பற்றியது. உடல் எப்போதும் ஓடத் தயாராக நிற்கும். மனவடு நோயில் நடந்து முடிந்தது முடியாமல் இப்போதே நடப்பதுபோல் திரும்பி வரும். அதை நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் மனம் தவிர்க்கும். ஆபத்து பக்கத்திலேயே இருக்கிறது என்ற விழிப்பு அடங்காது. 1980இல் அமெரிக்க மனநோய்க் கையேட்டில் இதற்குத் தனி இடம் கிடைத்தது. அமெரிக்கக் கையேடு குறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கவேண்டும் என்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் சில வாரங்களாவது என்கிறது. 2022 முதல் நடைமுறையில் உள்ள அந்தப் பட்டியலின் பதினோராம் பதிப்பு, நீண்டகாலக் கொடுமையால் தன்மதிப்பும் உறவுகளும் உணர்ச்சிக் கட்டுப்பாடும் சேர்ந்து சிதைவதைச் சிக்கலான மனவடு என்று பிரித்து வைத்தது. விலகல் நோய்களில் நினைவு, உணர்வு, தான் என்ற எண்ணம், உடலசைவு ஆகியவை ஒன்றாக ஓடாமல் தனித்தனியே பிரிந்துவிடும். பிரான்சில் பியர் ஜானே 1889இலேயே இதைப் புத்தகமாக எழுதிவிட்டார்.

கரைக்கு வந்ததும் இந்த இலக்கணம் தடுமாறுகிறது. தவிர்த்தல் என்ற குறியை எடுத்துக்கொள்ளுங்கள். கடலில் பிள்ளையைப் பறிகொடுத்த மீனவர் மறுபடி கடலுக்குப் போகிறாரா என்று கேட்டால் ஆம் என்றுதான் சொல்வார், போகாவிட்டால் அடுப்பெரியாது. தாளில் அவருக்கு அந்தப் புள்ளி விழாது. அடங்காத விழிப்பும் அப்படித்தான். 2019 மே மாதத்தில் சோதனைச் சாவடியில் நெஞ்சு படபடத்த சாய்ந்தமருதுப் பெண்ணுக்கு அது நோயா, சூழ்நிலையைச் சரியாகப் புரிந்துகொண்டதா? மதிப்பிடுபவருக்கு ஊர் நிலவரம் தெரியாவிட்டால் இரண்டையும் பிரிக்க முடியாது.

காயத்ரி பெர்னாண்டோ என்ற இலங்கைப் பிறப்பான உளவியலாளர் செய்த வேலை இங்கே பெரிது. வெளியிலிருந்து கொண்டுவந்த அளவைகளை ஒதுக்கிவைத்து, துன்பத்தை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று இலங்கை மக்களிடமே முதலில் கேட்டார். உடல் நோவும், குடும்பத்திலும் ஊரிலும் தன் இடம் பறிபோனதும் முன்னுக்கு வந்தன. தனி மனத்துக்குள் நடப்பது பின்னுக்குப் போனது. அந்தச் சொற்களைக் கொண்டே ஓர் அளவையும் அமைத்து 2008இல் வெளியிட்டார். ஈதன் வாட்டர்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 2010இல் எழுதிய நூலில், மனவடு நோய் என்ற கருத்தையே அலைதான் இலங்கைக்குக் கொண்டுவந்தது என்ற பொருளில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. வாட்டர்ஸின் வாதத்தை நான் அரைவாசிதான் ஏற்கிறேன். யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரம் அலைக்கு வெகு முன்பே யுத்தத்தின் மனவடுவை நோயாளர்களிடம் கண்டு எழுதிவந்தார். 1998இல் அது ஆங்கிலத்தில் நூலாகவும் வந்தது. எங்கள் மக்களுக்கு இந்த நோயே வராது என்பது, எல்லோருக்கும் இந்த நோய்தான் என்பதைப் போலவே ஆபத்தானது. சோமசுந்தரம் பின்னர் அழுத்திச் சொன்னது இன்னொன்று: அடி தனியாளுக்கு மட்டும் விழவில்லை, குடும்பத்துக்கும் ஊருக்கும் விழுந்தது, அதையும் அளந்தாக வேண்டும்.

ஊருக்கு விழுந்த அடியை எங்கே பார்ப்பது? இந்தக் கரையில் வீட்டைப் பார்க்கவேண்டும். இங்கே வீடு பெண்ணுக்கு உரியது. மகள் பிறந்ததிலிருந்தே உம்மாவும் வாப்பாவும் அவளுக்கொரு வீடு கட்டச் சேர்க்கத் தொடங்குவார்கள். கலியாணம் முடிந்து மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். அக்கரைப்பற்றில் பல வருசம் தங்கி ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே இந்த முறையை விரிவாக எழுதியிருக்கிறார். பட்ரீசியா லோரன்சோடு சேர்ந்து, அலைக்குப் பிறகு அது பட்ட பாட்டையும் எழுதினார். கரையோரம் நெருக்கமாக நின்ற சீதன வீடுகள் ஒரு காலையில் போயின. பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்ற தடை வந்தது. தெற்கில் அது 100 மீற்றர்தான். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியோடு கட்டிய 500 வீடுகள் இன விகிதச் சர்ச்சையிலும் நீதிமன்ற வழக்கிலும் அகப்பட்டு, ஆட்களின்றி வருசக்கணக்கில் பாழாய்க் கிடந்தன. மூன்று குமர்ப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தகரக் கொட்டிலில் இருந்த ஓர் உம்மாவுக்கு ராத்திரி நித்திரை வராததற்கு அலை மட்டும் காரணமில்லை. வீடில்லாமல் இந்தப் பிள்ளைகளை எப்படிக் கரைசேர்ப்பது என்பதுதான் அவரது ‘யோசனை’. மனவடு வினாத்தாளில் அதற்குக் கட்டம் இல்லை. பதகளிப்பு வினாத்தாளில் அவருக்கு உச்சப் புள்ளி விழும்; காரணம் மட்டும் பதிவாகாது. சிகிச்சை என்று அவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தால், அது அவரை அவமதிப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

விலகல் நோய்களில் சிக்கல் இன்னும் ஆழம். அவை எங்களூரில் பெரும்பாலும் ஜின் என்று வரும். புதிதாய்க் கலியாணம் முடித்த பெண்ணோ பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ மயங்கி விழுவார், கைகால் உதறும், வேறு குரலில் பேசுவார், எழும்பியபின் ஒன்றும் ஞாபகம் இருக்காது. முதலில் ஓதிப் பார்ப்பார்கள்; தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள், இசிம் கட்டுவார்கள். பக்கத்துத் தமிழ்க் கிராமங்களில் பேய் என்றோ செய்வினை என்றோ பெயர் மாறும், நடப்பது ஏறத்தாழ இதுவே. இதைக் கண்டதும் மூடநம்பிக்கை என்று கோபப்படும் மருத்துவர்கள் நோயாளியை முதல் நாளே இழக்கிறார்கள். ஓதிப் பார்க்கும் நல்ல மௌலவி ஒருவர் குடும்பத்தை உட்காரவைத்துப் பேசுகிறார், வீட்டுக்குள் புகைந்த சண்டையை வெளியே எடுக்கிறார், பெண் சொல்ல முடியாததை ஜின்னின் வாயால் கேட்டுக்கொள்கிறார். அதே வேளையில் அடித்தும் புகை போட்டும் வதைப்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் சிகிச்சை என்று ஒருபோதும் ஏற்க முடியாது.

எது வழமை, எது நோய் என்று பிரிக்கும் கோடு மருத்துவத்திலேயே இருக்கிறது. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் பெயரால் வருசந்தோறும் கொடியேறும். இக்கரையின் இப்படியான கொடியேற்றங்களில் பக்கீர் பாவாமார் ரிபாய் ராத்திபு என்ற சடங்கில் தங்கள் உடலில் கம்பி குத்திக்கொள்வதைப் பார்த்தவர்கள் உண்டு. மட்டக்களப்புப் பக்கத்து அம்மன் கோயில்களில் யுத்தக் காலத்தில் காணாமற்போனவர்களைப் பற்றி வாக்குச் சொன்னவர்களை பட்ரீசியா லோரன்ஸ் ஆராய்ந்திருக்கிறார். இவர்கள் யாரும் நோயாளிகள் அல்லர். தாமே விரும்பி, ஊர் ஏற்கும் இடத்தில், ஊர் ஏற்கும் நேரத்தில் அந்நிலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். விருப்பமின்றி, கண்ட கண்ட வேளையில் வந்து, வாழ்வைக் குலைத்தால்தான் அது நோய். உலக சுகாதார நிறுவனப் பட்டியலின் அதே பதினோராம் பதிப்பில் ஆவேச நிலைக்குத் தனித் தலைப்பு இருக்கிறது. பண்பாட்டுச் சடங்காக நடப்பதை அதற்குள் சேர்க்கக்கூடாது என்றும் அது சொல்கிறது.

இன்னொரு கோடு அதைவிட அவசரமானது. வலிப்பு நோயும் இதேபோல் வந்து நிற்கும். வலிப்பில் பொதுவாகக் கண் திறந்திருக்கும், நாக்கின் ஓரம் கடிபடும், முடிந்தபின் கொஞ்ச நேரம் குழப்பம் இருக்கும். விலகலில் கண் இறுக மூடியிருக்கும், உதறல் நீளும், நின்று நின்று வரும். இவை சாய்வுகள் மட்டுமே. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கவும் கூடும். சந்தேகம் வந்தால் மூளை மின்பதிவு எடுக்கவேண்டும். வீட்டார் கைபேசியில் எடுத்துவரும் ஒரு நிமிடக் காணொளி பெரிய உதவி செய்யும். ஜின் என்று வருசக்கணக்கில் ஓதப்பட்ட ஒரு வலிப்பு நோயாளிக் குழந்தை கிணற்றடியில் விழுந்தால் அந்தப் பொறுப்பை யார் ஏற்பது?

விலகலை அளக்க 1986 முதல் பயன்படும் 28 கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. அதன் முதற் கேள்வி, வாகனத்திலோ சுரங்க ரயிலிலோ போகையில் பயணத்தின் ஒரு பகுதி நினைவில் இல்லாமற் போவதைப் பற்றியது. ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை சதவீத நேரம் என்று பதில் சொல்லவேண்டும். சவளக்கடையில் வயல் வேலைக்குப் போகும் ஒரு ராத்தாவிடம் இதைக் கேட்டுப் பெறும் எண்ணுக்கு என்ன பொருள் இருக்கமுடியும்? திக்ரில் லயித்து நேரம் போனது தெரியாமல் இருந்ததையும் அவர் நேர்மையாகச் சேர்த்துச் சொல்லிவிடுவார்.

வினாத்தாள்களை முற்றாக ஒதுக்கச் சொல்லவில்லை. பதகளிப்புக்கு ஏழு கேள்வி, மனச்சோர்வுக்கு ஒன்பது, மனவடுவுக்கு இருபது என்று சுருக்கமான அளவைகள் இருக்கின்றன. நெருக்கடியான கிளினிக்கில் அவை மிகவும் உதவும். ஆனால் அவை சல்லடை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரில் 1,000 பேர். உண்மையில் நோயுள்ளவர்கள் 50 என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ளவரில் நூற்றுக்கு 80 பேரைப் பிடிக்கும், நோயற்றவரில் நூற்றுக்கு 80 பேரைச் சரியாக விட்டுவிடும் ஒரு நல்ல வினாத்தாளைக் கொடுக்கிறோம். 50இல் 40 பேர் அகப்படுவார்கள். நோயற்ற 950இல் 190 பேரும் அகப்படுவார்கள். 230 பேர் பட்டியலில் 40 பேருக்கே நோய். அலைக்குப் பிறகு கணக்கெடுத்து இத்தனை ஆயிரம் மனநோயாளர் என்று அறிவித்தவர்கள் இந்த 190 பேரைப் போன்றவர்களையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். எண்ணிக்கை பெருத்தால் நிதி வரும். ஆனால் ஒரு பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலில் இருப்பது ஊருக்குத் தெரிந்தால் அவளது கலியாணப் பேச்சு நின்றுவிடும் என்பதை அவர்கள் யோசித்திருக்கவேண்டும்.

சல்லடைக்குப் பிறகு வருவதுதான் மதிப்பீடு. அது நேர்காணல். யார் அறைக்குள் இருக்கிறார்கள் என்பதில் அது தொடங்குகிறது. மாமி பக்கத்தில் இருக்கும்போது மருமகள் சொல்வது ஒன்று, தனியே சொல்வது வேறு. கணவனை இழந்து நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கும் பெண் கிளினிக்குக்கு வரமாட்டார். தேவைக்கு வெளியேற மார்க்கம் இடமளித்தாலும் வீட்டார் விடுவது அரிது. ஆகவே அவரது வீட்டுக்குப் பெண் உத்தியோகத்தர் போகவேண்டும். வுழூவைத் திரும்பத் திரும்பச் செய்து தொழுகை நேரத்தைத் தவறவிடும் இளைஞரிடம் வஸ்வாஸ் எப்போதிருந்து என்று கேட்டால் பதில் வரும். எண்ணச் சுழற்சி நோய் இருக்கிறதா என்று கேட்டால் வராது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ உடல்நலமும் மனநலமும் பற்றிய தமது நூலில் பயத்தையும் துக்கத்தையும் வஸ்வாஸையும் தனித்தனியாகப் பிரித்து, தனித்தனிப் பரிகாரமும் எழுதினார். பள்ளிவாசலில் இதைச் சொன்னால் மனநோய் கிளினிக்கின் வாசலில் தயங்கி நிற்பவர் பலர் உள்ளே வருவார்கள் என்று நம்புகிறேன்.

அவசரத்தில் உதவப் போய்ச் சேதம் செய்த கதையும் பதிவாக வேண்டும். 2005இல் கரைக்கு வந்த குழுக்கள் பல, மொழி தெரியாமல், பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து அலையை வரையச் சொன்னார்கள். ஒரு நாள், பிறகு காணவில்லை. ஒரே அமர்வில் நடந்ததை விவரிக்கவைப்பது மனவடு நோயைத் தடுக்காது, சிலருக்குக் கெடுதல் செய்யும் என்று ஆய்வுத் தொகுப்புகள் ஏற்கெனவே சொல்லியிருந்தன. 2007இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, முதலில் பாதுகாப்பு, உணவு, உறைவிடம், குடும்பத்தை ஒன்றுசேர்த்தல், பிறகே தனியாள் சிகிச்சை என்று அடுக்கு வகுத்தது. அந்தக் குழுக்களுக்கு மாறாக, 1996இல் மட்டக்களப்பில் பாதிரியார் போல் சற்குணநாயகமும் கனடிய ஓவியர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் மாதக்கணக்கில் சேர்ந்து விளையாடி, வரைந்து, நாடகம் போட்டார்கள். அவர்களை யாரும் எதையும் சொல்லும்படி நெருக்கவில்லை. 2009இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு, வடகிழக்கில் 31 பிள்ளைகளுக்குச் சிகிச்சை கொடுத்தது. நடந்ததை ஒழுங்குபடுத்திச் சொல்லும் முறையில் ஆறு மாதத்தில் 81 சதவீதமும், தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றவர்களில் 71 சதவீதமும் தேறினார்கள். எண்ணிக்கை சிறிதென்றாலும், நோயைச் சரியாக இனங்கண்டு, ஆறு அமர்வு விடாமல் வந்தால் இரண்டு வழியும் வேலை செய்கின்றன என்பது பெரிய ஆறுதல்.

அலையின் பின் நாட்டுக்கு ஒரு மனநலக் கொள்கை 2005இல் கிடைத்தது. அங்கொடை மனநல வைத்தியசாலையில் குவிந்திருந்த சேவை மாவட்டங்களுக்கு இறங்கியது. மனநல வைத்திய அதிகாரிகள் வந்தார்கள். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல உதவி அழைப்பும் இருக்கிறது. ஆனால் கிட்டங்கியில் தண்ணீர் ஏறினால் சவளக்கடை நோயாளி கல்முனை கிளினிக்கைத் தவறவிடுவார், குளிசை நிற்கும். அதற்கு நாவிதன்வெளியிலேயே மாதாந்தக் கிளினிக் நடக்கவேண்டும். அளவைகளின் குறை வேறு. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ தமிழாக்கிய வினாத்தாள் இக்கரையின் பேச்சுக்கு அப்படியே பொருந்தும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. முதலாவதுக்கு முஸ்லிம்களும் இரண்டாவதுக்குத் தமிழர்களும் அதிகம் போகிறார்கள். இரண்டிலும் நெஞ்செரிவோடு வருபவர்களிடம் ஒரே வினாத்தாளைக் கொடுத்து, அதன் புள்ளியை அறியாத ஒரு மனநல மருத்துவர் தனியே நேர்கண்டு, எத்தனை புள்ளிக்கு மேல் இங்கே நோய் என்று கணக்கிடலாம். நெஞ்செரிவு, விறைப்பு, யோசனை, வீட்டுக் கவலை ஆகியவற்றைக் கேள்விகளாகச் சேர்த்தால் கணிப்பு மேம்படுகிறதா என்றும் அதே வேளையில் பார்க்கலாம். ஒரு பல்கலைக்கழக மாணவரும் இரண்டு கிளினிக்குகளும் ஒத்துழைத்தால் ஒரு வருசத்தில் முடியக்கூடிய வேலை இது.